தாடைக்குப் போட்ட ஊசி

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டாவது கவசமும் போயிற்று. தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ள டாக்டர் செய்து கொடுத்த பிளாஸ்டிக் கவசம். காலையில் வாயிலிருந்து எடுத்தால் இரண்டு துண்டாக வருகிறது. ஸ்வாதி அதைப் பார்த்துவிட்டு, "எலிகூட இப்படிக் கடிக்காதுங்க" என்றாள்.

தீபாவளியிலிருந்து அவள் ஹாலில்தான் படுக்கிறாள். என் பக்கத்தில் படுத்தால் ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம் கேட்கிறதாம். ஹாலில் காற்று நன்றாக வருகிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மா நம்பவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு, மருமகளுக்கு மட்டும் ரகசியமாக முட்டை அவித்துக் கொடுக்கிறாள்.

பகலிலும் கடிக்கிறேன் என்பது இன்றுதான் தெரிந்தது. கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனதற்கு மேனேஜர் ஆபரேட்டர்கள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். தப்பு என்னுடையது இல்லை. பதில் பேசாமல் நின்றேன். அவர் போன பிறகு வாயைத் திறக்கப் பார்த்தால் தாடை பூட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 22, சனி

கடைவாய்ப் பல்லில் விரிசல். டாக்டர் சபீனா என் இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து, "கடிங்க சார்" என்றார். கடித்தேன். "பயில்வான் கை மாதிரி இருக்கு உங்க தாடை. இந்தத் தசையக் கொஞ்சம் தளர்த்தி விடலைன்னா பல்லு ஒண்ணொண்ணா உடையும்" என்றார். அதற்கு ஊசியாம். என்ன ஊசி?

போடாக்ஸ்.

நடிகைகள் போட்டுக்கொள்வார்களே, அதுவா என்றேன். மருந்து அதேதான், ஆனால் இது சுருக்கத்துக்கு இல்லை, மெல்லுகிற தசைக்கு என்றார். அவர் இன்னும் என்னவோ விளக்கினார். எனக்குக் காதில் ஏறவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மீசை வைத்த ஆம்பிளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடோடு மல்லுக்கட்டுகிறவன். எனக்கு முகத்தில் அழகு ஊசி. கம்பெனியில் தெரிந்தால் டீ டைமுக்கு வேறு பேச்சே இருக்காது.

கம்பெனி மட்டுமா? போன மாதம் தங்கை பிரியா பார்லருக்குப் போய்விட்டு வந்தபோது நான் என்ன சொன்னேன்? "மூஞ்சிய மாத்தினாத்தான் மாப்பிள்ளை வருவானா?" எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போது நான் போய் மூஞ்சிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தால்?

மார்ச் 1, சனி

பிரியாவுக்கு இடம் அமைகிற மாதிரி இருக்கிறது. சுப்பராயன் மாமா கொண்டு வந்த வரன். மாங்காடு. பையன் பெயர் விக்ரம், என்ஜினீயர். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், பிடித்துவிட்டது. இரண்டு பேரும் போனில் பேசுகிறார்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் சிடுசிடு என்று இருக்கிறவள், இந்த வாரம் அம்மாவோடு சேர்ந்து பாட்டு முணுமுணுக்கிறாள். என் தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. எத்தனை பேர் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. இது அமைய வேண்டும்.

அப்பா இல்லை. நான்தான் போய் வீட்டைப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

போட்டுக்கொண்டேன். வலி தாங்கவில்லை, வேறு வழியில்லை. கம்பெனியில் கண் டாக்டர் என்று சொன்னேன். ஆவடியில் கிளினிக் இருக்கிற தெருவில் தெரிந்தவன் யாராவது வருகிறானா என்று பார்த்துப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தேன். சாராயக் கடைக்குப் போகிறவன்கூட இப்படிப் போகமாட்டான்.

"சில வாரத்துக்கு மெல்லுறதுக்குக் களைப்பா இருக்கும் சார். சிரிப்பு கொஞ்சம் கோணலானா பயப்படாதீங்க, தானா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

ஸ்வாதிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். "சினிமால சான்ஸ் கெடைச்சா எங்கள மறந்துடாதீங்க" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

தூங்குகிறேன்! தாடையில் வலியே இல்லை. ஸ்வாதி ரூமுக்கு வந்துவிட்டாள். அம்மா முட்டையை நிறுத்திவிட்டாள்.

ஒன்றுதான். கண்ணாடியில் சிரித்துப் பார்த்தால் வலது பக்கம் ஏறுகிறது, இடது பக்கம் அப்படியே இருக்கிறது. மெஷினில் இருக்கும் ஆசிக், "இன்னா சார், பேசும்போது நக்கலா சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், பிடித்திருந்தால் அங்கே கை நனைப்போம். பிடிக்கவில்லை என்றால் காபியோடு எழுந்துவிடுவோம். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. அதிலும் பெண்ணுக்கு அப்பா இடத்தில் வந்தவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள்.

அம்மா, ஸ்வாதி, நான், சுப்பராயன் மாமா, நாலு பேரும் வேனில் போனோம். காமாட்சியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாடி இப்போதுதான் கட்டியிருக்கிறார்கள், பூச்சு வேலை பாக்கி. விக்ரமின் அப்பா அதற்கே இரண்டு தடவை வருத்தம் தெரிவித்தார். எனக்கு அந்த வீடு பிடித்தது. அந்தப் பையனை ரொம்பப் பிடித்தது. பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். பிரியாவுக்குப் பில்டர் காபி பிடிக்கும் என்று அதற்குள் தெரிந்து வைத்திருக்கிறான்.

விக்ரமின் அம்மா பெயர் பேபி. அவரே நின்று சமைத்த ஆட்டுக்கறிக் குழம்பு. "தம்பிக்கு நல்ல துண்டா பாத்து வை" என்று இலையில் அள்ளி வைத்தார்.

முதல் துண்டை வாயில் போட்டேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். தாடை மேலே போகிறது, கீழே வருகிறது, கறி அப்படியே இருக்கிறது. தண்ணீர் குடித்து முழுசாக விழுங்கினேன். இரண்டாவது துண்டுக்குள் தாடை களைத்துப்போய்விட்டது. துப்பவும் முடியாது, எல்லாரும் பார்க்கிறார்கள். அதையும் எப்படியோ உள்ளே தள்ளினேன். மிச்சத்தை இலை ஓரமாக ஒதுக்கினேன்.

"இன்னா தம்பி, நல்லா இல்லியா?" என்றார் அந்த அம்மாள்.

"நல்லா இருக்கும்மா" என்று சிரித்தேன். ஒரு பக்கம்தான் சிரித்திருப்பேன். அவர் முகம் சுருங்கியது. பூசாத சுவரைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

"பல்வலின்னு சொல்லுங்க" என்று ஸ்வாதி காதைக் கடித்தாள். ஏன் சொல்லவில்லை நான்? ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் எந்தப் பல், எந்த டாக்டர், என்ன செய்தார் என்று அடுத்தடுத்துக் கேட்பார்களே என்று பயம். ஒளித்து வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் யாரையும் வரவிடக் கூடாது என்று பயம். ரசம் சோற்றை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு இலையை மூடினேன்.

வேனில் அம்மா கேட்டாள். "ஏன்டா ஜெகா, ஒரு வா கூட ஒழுங்கா துன்னல? ஊடு புடிக்கலியா?"

"வீடெல்லாம் பிடிச்சிருக்கு. கறி வேகலம்மா."

அப்படியே வந்துவிட்டது வாயில். யோசிக்கவே இல்லை.

"எனுக்கு வெந்துதான் இருந்துச்சி" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "என் புள்ள வாய்க்கு வேகலன்னா வேகலதான்" என்றாள். முன்சீட்டில் இருந்த சுப்பராயன் மாமா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

பிரியா கேட்டாள், "வீடு எப்படிண்ணா இருக்கு?" நல்ல வீடு என்றேன். "அவங்கம்மா?" நல்லவங்க என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மார்ச் 27, வியாழன்

போயிற்று.

சுப்பராயன் மாமா நேற்று மாங்காட்டில் பேச்சுவாக்கில் கறி விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அம்மாவும் போனில் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். பேபியம்மாள் மாமாவிடம் சொல்லி அனுப்பிய பதில் இது: "கறிகூட வேக வெக்கத் தெரியாத ஊட்டுக்கு அவங்க இன்னாத்துக்கு பொண்ணு குடுக்கணும்? அந்தத் தம்பி வந்ததுலேர்ந்து ஒரு மாதிரியா இளிச்சிகினுதான் இருந்துச்சி. எங்க ஊட்ட பாத்து இளப்பம். வேற இடம் பாத்துக்கச் சொல்லு."

விக்ரமிடமிருந்து பிரியாவுக்கு மெசேஜ்: உங்க அண்ணனுக்கு எங்களைப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லியிருக்கலாம்.

அவள் போனை என் முன்னால் வைத்தாள். "படி" என்றாள். படித்தேன். "கறி நெஜமாவே வேகலயாண்ணா?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

தூ. நானெல்லாம் ஒரு அண்ணன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பிரியா லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். தலைவலியாம்.

ஸ்வாதி பேசுகிற பேச்சைத் தாங்க முடியவில்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு ஊசிக்கு இவ்ளோ வெக்கப்படற ஆளு, தங்கச்சி அழுவறதப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே. அதுக்கு வெக்கமே இல்லையா?"

தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை நான் சத்தம் எதுவும் போடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாங்காட்டுக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி தாண்டிக் குமணன்சாவடி வரைக்கும் போய் ஒரு டீ குடித்தேன். போய் என்ன சொல்வது? "அம்மா, நான் போடாக்ஸ் போட்டிருக்கேன்" என்றா? அந்தப் பையன் முன்னால்? அவன் அப்பா முன்னால்? டீக்கடையில் நின்றபடியே சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கேவலமாக இருந்தது. வண்டியைத் திருப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ராமாபுரத்திலிருந்து வேறு ஒரு வரன் வந்திருக்கிறதாம். இரண்டாம் தாரம். அம்மா பிரியாவிடம் ஜாடையாகச் சொன்னாள். "நீங்க பாத்து எதுவா இருந்தாலும் சரிம்மா" என்றாள் அவள். அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே கூடாது.

ஏப்ரல் 12, சனி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நடக்கலாம் வா என்று அவளை ஏரிக்கரைப் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். இரண்டு சுற்று சும்மாவே நடந்தோம். மூன்றாவது சுற்றில், பெஞ்சில் உட்காரக்கூட விடாமல், நடந்துகொண்டே சொன்னேன். பல் கடிக்கிறது, ஊசி, மெல்ல முடியாதது, கோணல் சிரிப்பு, கறி வெந்துதான் இருந்தது, எல்லாவற்றையும். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

நின்றுவிட்டாள்.

"அப்ப கறி வெந்திருந்துச்சு."

"ம்."

"தெரிஞ்சே நீ பாத்துட்டு இருந்த."

பெஞ்சைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"ஊசி போட்டதுக்கா வெக்கம்? நான் பார்லர் போயிட்டு வந்தன்னிக்கு நீ கேட்ட பாரு ஒரு கேள்வி, அத நான் திருப்பிக் கேப்பேன்னுதானே பயந்த?"

எனக்கே சரியாகத் தெரியாத ஒன்றை எடுத்து என் கையில் வைத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "விக்ரம்கிட்ட நான் பேசமாட்டேன். நீ போ. அவங்கம்மாகிட்ட நேர்ல சொல்லு. என் கல்யாணத்துக்காகச் சொல்லாத, அது நடந்தா நடக்குது. அவங்க சமையலப் பத்தித் தப்பா சொன்னதுக்காகப் போய்ச் சொல்லு" என்றாள். திரும்பி வரும்போது என்னோடு வரவில்லை. முன்னால் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குமணன்சாவடியில் வண்டியை நிறுத்தவே இல்லை.

பேபியம்மாள் வாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. உள்ளே வா என்று சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றேதான் சொன்னேன். மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வசதியாகக் கேட்டாள்.

"தாடையில ஊசியா? எதுக்கு?"

"பல்லைக் கடிக்காம இருக்கறதுக்கும்மா. கறிய மெல்ல முடியல. அன்னிக்கு உங்க கறி நல்லா வெந்துதான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

கோபப்படுவார், போகச் சொல்லுவார், சிரிப்பார் என்று வழியெல்லாம் எல்லாவற்றுக்கும் தயாராகிக்கொண்டு போயிருந்தேன். அவர் அது எதையும் செய்யவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வெந்துதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"நெஜமாவா சொல்ற? அன்னியிலேர்ந்து நான் கறியே எடுக்கல தம்பி. எனுக்கு வயசாயிடுச்சி, கை பதம் போயிடுச்சின்னு நெனச்சிகினேன். பழைய குக்கரு சரியில்லன்னு அதத் தூக்கிப் போட்டேன். அன்னிக்கு வந்த சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, வெந்துச்சா, வெந்துச்சான்னு கேட்டேன். எல்லாரும் நல்லா இருந்துச்சின்னாங்க. மனசு நோவக் கூடாதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். என் புள்ள கல்யாணத்த நானே கெடுத்துட்டன்னு..."

அழுதார். நான் அங்கே நின்றேன். எனக்கு வெட்கம் வந்துவிடக் கூடாது என்று ஒன்றைச் சொன்னேன். அந்த வெட்கத்தை இத்தனை நாளும் இந்த அம்மாள் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். தன் வீட்டில், தன் அடுப்படியில், யாரிடமும் சொல்லாமல். இதைவிடக் கேவலமாக நான் என் வாழ்க்கையில் எதுவும் செய்ததில்லை.

காலைத் தொடக் குனிந்தேன். "ஐய, அதெல்லாம் வேணாம்" என்று நகர்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்தார். குரல் மாறியது.

"கல்யாணப் பேச்ச அப்பறம் பாக்கலாம். ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னது உங்கம்மாதான? அவங்களக் கூட்டிகினு வா. வந்து எங்கூட்டுல உக்காந்து கறி தின்னுட்டு, வெந்துச்சா இல்லியான்னு அவங்க வாயால சொல்லட்டும்."

மீன்காரி, "கரெக்ட்டுக்கா" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, எல்லாம் ஆன பிறகு அம்மாவிடம் சொன்னேன். வடையைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்து நான் சாப்பிட்டதை அவள் கவனித்திருந்தாள்.

ஊசியைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. "நீ ஊசி போடு, ஆபரேசன் பண்ணு, எனுக்கின்னா? என் வாயால எதுக்குடா பொய் சொல்ல வெச்ச? ஒரு பொம்பள சமைச்சத வேகலன்னு நான் சொல்லிட்டனேடா" என்றாள். என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஸ்வாதியிடம் கேட்கிறாள், "அதுக்குத்தான் நீ ஹாலுல படுத்தியா? இத்தினி நாளா என்கிட்ட சொல்லக் கூடாதா?"

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா போனாள். நான் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், என்னை உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போக முகமில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கையில் ஒரு தூக்கு. அதைப் பிரியாவிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மூணு தபா வாங்கித் துன்னேன். வண்டிய எடு."

மே 4, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. போட்டோக்காரன், "அண்ணன் சிரிங்க" என்றான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தேன். இப்போது இரண்டு பக்கமும் ஏறுகிறது.

பிரியா என்னிடம் பேசுகிறாள். உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்கு.

ஆகஸ்ட் 9, சனி

ஜூலையிலிருந்தே மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. மறுபடி கடி, மறுபடி வலி. கல்யாணம் முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம், விருந்தில் எல்லார் முன்னாலும் கறியை நன்றாக மென்று காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். காலையில் பிரியா டாக்டரின் அப்பாயின்மென்ட் சீட்டைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தாள். அவளே போன் செய்து வாங்கியிருக்கிறாள். "வலியோட நின்னுட்டு என் கல்யாணத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காத. போய்ப் போட்டுட்டு வா. நானும் வரேன்" என்றாள்.

கிளினிக்கில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் யார் வருகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று எழுதுகிறேன்; இரண்டு தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முகூர்த்தம் வியாழக்கிழமை நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கு மாங்காட்டில் மறுவீட்டு விருந்து. மாடியில் பூச்சு வேலை முடிந்து, பந்தல் போட்டு, வரிசையாக இலை. எனக்குப் பக்கத்தில் சுப்பராயன் மாமா. பிரியாவும் விக்ரமும் எதிர் வரிசையில்.

பரிமாறுகிறவர் கறியோடு என் இலைக்கு வந்தார். பந்தல் ஓரத்தில் போட்டிருந்த அடுப்புப் பக்கமிருந்து பேபி அத்தையின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"ஏய், அந்தத் தம்பிக்கு அதப் போடாத! அதுக்குத் தாடையில ஊசி போட்டுகீது, மெல்ல வராது. தனியா கொழைய வேக வெச்சிகீறேன், இரு, நானே எடுத்துகினு வரேன்."

இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். காது இரண்டும் சூடாகி, தலையை இலைக்குள் விட்டுக்கொண்டேன். அத்தை வந்து ஒரு சின்னச் சட்டியிலிருந்து கறியை வைத்தார். விரலால் அழுத்தினாலே பிரிகிற கறி. வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஒரு வாய் சாப்பிட்டேன். மெல்லவே தேவைப்படவில்லை.

"வெந்துகீதா?"

"வெந்திருக்கு அத்தை."

எதிரில் பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

அத்தை நகர்ந்த பிறகு சுப்பராயன் மாமா சாம்பார் வாளியை வாங்குகிற மாதிரி என் பக்கம் சாய்ந்தார். "மாப்ள, எங்கூட்டுக்காரி ரொம்ப வருசமா தனியாத்தான் படுத்துக்கறா. நானும் கடிக்கிறேனாம். அந்த டாக்டரு எங்க கீறாரு? மெல்ல சொல்லு, யார் காதுலயாவது வுழப்போவுது."

குனிந்து சாப்பிடுகிற மாதிரி இருந்துகொண்டே, அவர் காதில் மட்டும் சொன்னேன்.